எழுபத்திரண்டு

புதுவயல் ஆலையில் நெல் அவியும் நேரம்.
செருப்பில்லாமல் களத்தில் நின்றால் கொப்புளம்.
முப்பது பேர் மணிக்கட்டில் நான் வரைந்த பட்டை:
பச்சை விளக்கு இரண்டு, ஒளி உணரி ஒன்று,
பட்டாணி அளவில் ஒரு பேட்டரி.
வெயில் ஆளைச் சாய்க்குமுன் அலற வேண்டும்,
அவ்வளவுதான் என் திட்டம்.
"யார் யார் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்றாங்கன்னும் காட்டுமாம்மா?"
என்றார் முதலாளி நாச்சியப்பன்.
காட்டும் என்றேன்.
விலைப்பட்டியல் என் மடியில் இருந்தது.

முதல் வாரம் உமித்தூசி உணரியின் கண்ணை அடைத்தது.
வெள்ளைக்கண்ணுவுக்கு நாடியே இல்லை என்றது திரை.
அவரோ முதுகில் மூட்டையோடு என்னைக் கடந்தார்,
"செத்துட்டேனாமா நான்?"
என் சோதனைகள் எல்லாம் பெங்களூரில்,
ஏசி அறையில், வெயில் காணாத கைகளில்.
விளக்குக்கு மின்னோட்டத்தைக் கூட்டினேன்.
பேட்டரி ஆயுளில் ஒன்பது மணி நேரம் போயிற்று.

செக்காலை ரோட்டில் மருந்துக்கடை மாடி, என் அறை.
இரவில் தரவைப் புரட்டினால்
பதினேழாம் எண் பட்டை, அடைக்கலமேரி:
மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை
எழுபத்திரண்டு.
ஏறவில்லை, இறங்கவில்லை.
மூச்சு விடுகிற எதுவும்
இத்தனை நேராகத் துடிக்காது.

மறுநாள் போய்ப் பார்த்தேன்.
எலிவேட்டரில் சாய்ந்த ஒரு நெல் மூட்டை,
அதன் காதில் இறுகக் கட்டிய பட்டை.
கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்:
வாளிகள் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தரம் தட்டின.
அந்த நடுக்கத்தை நாடி என்றும் உழைப்பென்றும்
கூசாமல் எழுதிக்கொண்டிருந்தது என் நிரல்.
லாரிக்கடியில், முந்தானையால் முகம் மூடி
உறங்கிக்கொண்டிருந்தார் மேரி.

சிரித்தேன். சாவிபோல் கமுக்கமாய் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.
லாரியைத் தாண்டும்போதுதான் உறைத்தது:
அந்தத் தூக்கம் மயக்கமாயிருந்தால்?
மூட்டை அப்போதும் எழுபத்திரண்டென்றே சாதிக்கும்.

தோலைத் தொடுகிறதா என்று அறிய
இரண்டு தகடு, பதினோரு வரி நிரல், ஒரு பிற்பகல் போதும்.
இரவு இரண்டரைக்கு முதலில்
'சும்மா இருந்த நிமிடங்கள்' என்ற பத்தியை அழித்தேன்.
பட்டியலில் பன்னிரண்டாயிரம் குறைந்தது.
நாச்சியப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை.
பிறகு தகட்டை வரைய உட்கார்ந்தேன்.

காலையில் மேரியிடம் சொல்ல வேண்டும்,
கட்டிக்கொண்டே தூங்குங்கள் என்று.
நம்புவாரா, தெரியவில்லை.