எடைமேடையில் ஓர் அளபெடை

ஊத்தான் மெலிந்தாங், செம்பனை ஆலை.
காலை ஆறே முக்காலுக்கே எடைமேடையில் ஒன்பது லோரி வரிசை.
கண்ணாடிக் கூண்டுக்குள் கிராணி யோகவல்லி
வண்டி எண்ணைத் தட்டுகிறார்,
‘பதிவு’ என்ற பொத்தானை அழுத்துகிறார்.
திரை அப்படியே இருக்கிறது.
மறுபடியும் அழுத்துகிறார்.

அப்படித்தான் ரம்லியின் லோரி
ஒரே செவ்வாய்க்கிழமை இரண்டு முறை வந்து
பதினோரு டன் குலையைக் கூடுதலாகக் கொட்டிவிட்டுப் போனது,
காகிதத்தில்.
மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். செயலியை எழுதியவள் நான்,
டவுனில் ஹார்ட்வேர் கடை மாடியில், வாடகை அறையில்.

“அமுக்கினா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது,” என்றார் யோகவல்லி.
“அதுக்குக் கேட்டுச்சா கேக்கலையான்னு
எனக்கு எப்படித் தெரியும்?”

அன்றிரவே ஒரு வட்டம் வைத்தேன், சுழலும் வட்டம்.
அழுத்தியதும் வரும், முடிந்ததும் போகும்.
மறுநாள் போன்:
“ஏம்மா, என்னமோ மின்னி மின்னி மறையுது,
ஸ்கிரீன் கெட்டுப் போச்சா?”

வானம் வெளுத்திருந்தால்
பதிவாக விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.
வட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது,
கண்ணில் தூசி பட்டதுபோல் ஒரு துடிப்பு மட்டும்.
மழை பிடித்தால் கதை வேறு. செம்பனைக்கு அப்பால்
சிக்னல் கோபுரம் தடுமாறும்,
இரண்டு விநாடி, மூன்று.

மூன்றாம் நாள் கூண்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொத்தானை விட்டு எழும் விரல்
அந்தரத்தில் கொஞ்சம் நிற்கிறது.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு?

பரீட்சைக்காக மட்டும் இலக்கணம் படித்தவள் நான்.
அன்று அது வேறு வேலைக்கு வந்தது.
மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
இவற்றை யாரும் அறிவிப்பதில்லை, வாய் தானே கடந்துவிடும்.
அதற்கும் மேல் இழுக்கும்போதுதான்
பக்கத்தில் ஓர் எழுத்தை நிறுத்துகிறோம்,
இங்கே நீள்கிறது, பொறு என்று.

ஆகவே:
அழுத்தியதும் பொத்தான் மங்கும், இரண்டாம் அழுத்தை ஏற்காது.
குறில் அளவுக்கு வேறெதுவும் நடக்காது.
அதையும் தாண்டினால்தான் வட்டம்.
வந்துவிட்ட வட்டம் உடனே போகவும் கூடாது,
வாசல்வரை வந்த விருந்தாளி திரும்பி ஓடினால் நமக்குத்தானே பதைப்பு.
அரை விநாடியாவது இருந்துவிட்டுப் போகட்டும்,
வேலை முடிந்திருந்தாலும்.

வேலை முடிந்தபின் சுழலும் அந்தத் துண்டு நேரம்
நான் எழுதிய பொய்.
நிரலில் அதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுதப் போய்
அழித்துவிட்டேன்.

(என் பில்லும் மூன்று மாதமாய்
அலுவலகத்தில் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.
அதற்கு வட்டம்கூட இல்லை.)

வெள்ளிக்கிழமை நல்ல மழை.
யோகவல்லி அழுத்தினார். பொத்தான் மங்கியது.
விரல் எழுந்தது, நின்றது.
வட்டம் வந்தது.
விரல் இறங்கி, பையில் கட்டி வாங்கிய கோப்பியின்
உறிஞ்சுகுழாயைப் பிடித்தது. ஒரு மடக்கு.
திரையில் பச்சைக் குறி.

“இன்னிக்கு வேகமா இருக்கே, என்ன செஞ்ச?”

நேற்றைவிடக் கால் விநாடி மெதுவாக்கியிருந்தேன்.
“சின்னதா ஒண்ணு,” என்றேன்.

வெளியே ரம்லியின் ஹார்ன் மட்டும்
நெடிலையும் தாண்டி
நீண்டுகொண்டே இருந்தது.