ஆயில் ஸ்டெயின்

மருந்துக் காகிதத்தை எட்டாய் மடித்து
டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்கள்,
ஜாதகம் மாதிரி.
பிரித்தால், பொடி எழுத்தில்:
எரியலாம். சிவக்கலாம்.
மயிர்க்கால்களில் பரு வரலாம்.
துணியில் கறை பிடிக்கலாம்.
வெயிலில் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரு 'லாம்' இருக்கிறது,
வெயிலுக்கு மட்டும் இல்லை.
ஏனுங் டாக்டர்,
திருப்பூரில் வெயில் படாமல்
எட்டரை ஷிப்டுக்கு எந்த வழியாகப் போவது
என்று கேட்க வாயெடுத்தேன்.
வெளியே இன்னும் பதினேழு டோக்கன் இருந்தது.

ராத்திரி பூசுகிறேன்.
வகிடெடுத்து, இன்னொரு வகிடெடுத்து,
விரல் நுனிக் கருப்பைச் செதில் மேல் வைக்கிறேன்.
முதலில் குளிர்ச்சி.
அப்புறம் காதுக்குப் பின்னால் யாரோ
பச்சைமிளகாயைக் கிள்ளி வைத்த மாதிரி.
புது ரோடும் அந்துருண்டையும் கலந்த வாசம்.
'அம்மா இல்ல, ரோடு வருது' என்று
மூக்கைப் பொத்துகிறான் மகன்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை.
ஃபேனை மட்டும் இரண்டு நம்பர் ஏற்றுகிறார்.

விடிந்தால் தலையணை உறையில்
டீத்தண்ணி நிறத்தில் ஒரு தேசம்.
சோடா உப்பு, எலுமிச்சை,
பிளீச்சிங் பட்டறைக் கதிரேசன் பொட்டலம் கட்டித் தந்த
பேரில்லாத பொடி,
எதற்கும் அசையவில்லை.

கம்பெனியில் நான் யார் தெரியுமா?
செக்கிங்.
வெள்ளை பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து
கடுகளவு ஆயில் ஸ்டெயின் கண்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
ரிஜெக்ட் கூடையில் போடுகிறவள்.
ஒன்பது வருஷம்.
என் கண்ணுக்குத் தப்பி ஒரு கறையும் கப்பலேறியதில்லை.

கருப்புப் போட்டால் தோளில் செதில்.
வெள்ளை போட்டால் கழுத்தில் தார்.
காப்பித்தூள் நிறத்தில் மூன்று சுடிதார் எடுத்தேன்.
'உனக்கு அந்தக் கலருன்னா உசுரு' என்கிறாள்
பக்கத்து டேபிள் ரேணுகா.
ஆமாக்கா என்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் வரவில்லை.
பிச்சம்பாளையத்திலிருந்து நடந்தேன்,
இருபது நிமிஷம்தான்.
பொழுதோட பார்த்தால்
நெற்றியில் முடி தொடங்குகிற கோடு முழுக்க
தோசைக்கல்லில் ஒற்றி எடுத்தது போல.
மூன்று நாள், சீப்பு பட்டால் கண்ணில் தண்ணீர்.
பிடரியில் சின்னச் சின்னப் பருக்கள்,
ஓவர்லாக் தையல் மாதிரி ஒரே சீராக.
கைக்கு ஒட்டிக்கொண்டு வந்திருந்த அம்பு ஸ்டிக்கரை
பாத்ரூம் கண்ணாடியில் பார்த்து
சிவந்த இடத்துக்கு நேராக ஒட்டினேன்.
பொட்டுக்குப் பக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது.
எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல்
உரித்துவிட்டேன்.

டப்பாவை மூடிப் பரண் மேல் எறிந்தேன்.
பத்தாம் நாள் செதில் திரும்ப வந்தது,
வட்டிக்காரன் போல, கதவைத் தட்டாமல்,
நேராக நடுமண்டைக்கு.
ஸ்டூல் போட்டு ஏறினேன்.

போன மாசம் கம்பெனி வாசலில் ரோடு போட்டார்கள்.
ஜன்னலைச் சாத்தச் சொல்லி சூப்பர்வைசர் கத்தினார்.
நாலு நாள், எல்லோர் மேலும் அதே வாசம்.
ரேணுகா துப்பட்டாவை மோந்து பார்த்து
'கருமம், குளிச்சாலும் போவ மாட்டீங்குது' என்றாள்.
எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.
அந்த நாலு நாளும்
ஃபேனுக்கு நேர் எதிரில், நடு டேபிளில்,
தலையை நிமிர்த்தி உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உச்சி வெயிலில் தார் வாளியோடு
ஒருத்தி குனிந்து குனிந்து போனாள்.
தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண் சட்டை,
முழங்கை வரை கருப்பு.
அவளுக்கு யாரும்
எட்டாய் மடித்த காகிதம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அஞ்சாம் நாள் வாசம் அடங்கிவிட்டது.
நான் என் கதவோர டேபிளுக்குத் திரும்பினேன்.