இருக்கைச் சூடு

ஹொக்கைடோவில் நாலு பனிக்காலம் ஓடிய கார்.
வெள்ளவத்தையில் என் கைக்கு வந்தபோது
பற்றரியின் பன்னிரண்டு கோட்டில்
ஒன்பதுதான் மிச்சம்.
பட்டனை அமத்தினால் உள்ளே ஒரு ஜப்பான்காரி
ஏதோ சொல்லுவாள்.
விளங்காது.
"சரி, சரி" என்பேன்.

மச்சான் ஜெயரூபனின் விட்ஸ் பெற்றோல் குடிக்கும்.
என்னுடையதற்கு மூன்றாம் மாடியிலிருந்து
வயர் இறங்கும்,
கீழ்வீட்டுக் கொடியில் காயும்
பள்ளிச் சீருடைகளை விலத்தி.
"என்னடா, காருக்கோ போனுக்கோ சார்ஜ்?"
சிரிப்பான்.

நான் சிரித்த காலமும் இருந்தது.
செட்டுக்கு முன்னால்
இரண்டு பகல், ஓர் இரவு
அவன் வரிசையில் கிடந்தான்.
சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
கரண்ட் வெட்டு அட்டவணையைச்
சட்டைப் பைக்குள் மடித்து மறைத்தபடி.

காலி வீதி நெரிசலில் எனக்கு அவசரமில்லை.
பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கச் சொன்னால்
சத்தமில்லாமல் நிற்கும்.
அவனுடையது நின்றுகொண்டே குடிக்கும்.
இப்படித்தான் நினைத்திருந்தேன்,

தை மாதம் நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் வரும்வரை.

கம்பளையில் நிறைத்துக்கொண்டு ஏறினேன்.
றம்பொடை வளைவுகளில்
கோடுகள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின,
சொல்லிக்கொள்ளாமல்.
விடிய எழும்பிப் பார்த்தால்
கண்ணாடி வெள்ளை.
ஓரடி ஓடவில்லை, இன்னொரு கோட்டைக் காணோம்.
குளிர் தின்றிருந்தது.
பக்கத்து மரக்கறி லொறி
இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
அதன் எஞ்சின் மூடியில்
சாரதி கை காய்ச்சினான்.
அவனுக்கு வீணாய்ப் போகும் சூடு இலவசம்.
எனக்கோ உள்ளங்கை வெதுவெதுக்க
மூன்று கிலோமீற்றர் விலை.

பட்டனை அமத்தினேன்.
கொழும்பில் ஒருநாளும் சொல்லாத ஒரு வசனத்தை
அன்று அவள் சொன்னாள்.
நீளமான வசனம்.
பனியைக் கண்டு எச்சரித்தாளோ,
ஊர் ஞாபகமோ.

இறக்கத்தில் மலை
வாங்கியதில் கொஞ்சம் திருப்பித் தந்தது.
முழுதும் இல்லை.
மச்சானிடம் இதைச் சொல்லவும் இல்லை.

அடுத்த கிழமை பொரளையில்
இரவு வேலை முடிந்த ஒரு தாதி
முன் சீட்டில் ஏறினாள்.
காலை எட்டுக்கே முப்பது பாகை,
ஏசி முழுசாய்.
"அண்ணா, இது என்ன பட்டன்?"
"குளிர் ஊருக்கு. சீட் சுடும்."
"போடுங்கோ. இடுப்பு விட்டுப் போச்சு."

ஏசி முகத்தில், சூடு முதுகில்.
கிருலப்பனை வரை கண்ணை மூடிக் கிடந்தாள்.
எத்தனை மீற்றர் போயிருக்கும்?
கணக்குக் கொப்பியில் எழுதவில்லை.

நிறுத்தியதும் ஜப்பான்காரி பேசினாள்.
தாதி திடுக்கிட்டு விழித்தாள்.
"என்ன சொல்றா?"

"தெரியாது தங்கச்சி.
சரி எண்டு சொல்லுங்கோ."