சட்டைப்பைகள்

பதினோரு எண்கள்.
கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதி
பள்ளி மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் அழைத்தேன்.

வணக்கம், என் பெயர் பிஹ்லா கெட்டுனென்,
ஒன்பதாம் வகுப்பு,
ஒரு வாரம் வேலை பார்த்துப் பழக
உங்களிடம் இடம் இருக்குமா?
சம்பளம் வேண்டாம்,
மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியே சீட்டு தரும்.
அந்தக் கடைசி வரியை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவேன்,
பசித்து வந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று.

கால்நடை மருத்துவமனைகள் மூன்று.
பதினெட்டு ஆகவில்லையே,
கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்றது ஒன்று.
நாயா நானா என்று கேட்கவில்லை.
வானொலி நிலையம் என் பெயரை
இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொல்லி
மறந்துபோனது.
பேக்கரியில் வைனோ சேர்ந்துவிட்டான்,
அவன் அத்தை கடை அது.
அத்தை இல்லாதவர்கள்
அடுத்த எண்ணை அழுத்த வேண்டியதுதான்.

பதினோராவது,
கோட்கா மருத்துவமனையின் சலவைக்கூடம்.
"திங்கள். ஆறரை. மூடிய செருப்பு."
வைத்துவிட்டாள்.

திங்கள்.
இருட்டு. கடல் பக்கமிருந்து ஊசிமழை.
ரைலி கையுறைப் பெட்டியைத் தள்ளி
இரண்டு வாளிகளைக் காட்டினாள்.
மருத்துவர் கோட்டு, செவிலியர் சட்டை
இயந்திரத்துக்குள் போகுமுன்
ஒவ்வொரு பையிலும் கைவிட வேண்டும்.
பேனா இதில்.
மற்றதெல்லாம் அதில்.

மற்றதெல்லாம் என்றால்
கறுப்பு உப்பு மிட்டாய், பார்க்கிங் சீட்டு,
ஒற்றைக் காதணி,
"அறை 14, மகளை அழைக்கச் சொன்னார்" என்று
நாலாய் மடித்த ஒரு துண்டுத்தாள்.
அழைத்தார்களா என்று கேட்டேன்.
இயந்திரச் சத்தத்தில் ரைலிக்குக் கேட்கவில்லை.
அல்லது கேட்டது.

செவ்வாயும் பை.
புதனும் பை.
வைனோ இலவங்கப்பட்டை பன்னைப் படமெடுத்து அனுப்பினான்.
நான் பேனா வாளியை அனுப்பினேன்:
நூற்று நாற்பத்தாறு.

புதன் மதியம் வாய் தானாகக் கேட்டது,
இதெல்லாம் எங்கே போகிறது?
"மேலே" என்றாள்,
கடவுளைக் காட்டுகிறவள் போலக் கூரையைப் பார்த்து.
நான் போய்ப் பார்க்கட்டுமா?
பத்தொன்பது வருஷத்தில் அவளே போனதில்லையாம்.
அதைச் சொன்னபோது
கோபமா வெட்கமா, பிடிபடவில்லை.

வியாழன்,
அப்டிரசாக்கின் தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்தேன்.
ஒரு சக்கரம் கீச்சிட்டபடியே வந்தது.
தாழ்வாரத்தில் எங்களை யாரும் பார்க்கவில்லை,
துணியைத்தான் பார்த்தார்கள்.
ஐந்தாம் மாடியில் ஒரு செவிலி
கையை மூன்று மடிப்பு மடித்து ஊசி குத்தியிருந்தாள்.
"சின்ன அளவு அனுப்புவதே இல்லையே நீங்கள்!"
நீங்கள்.
நான்கே நாளில்
நானும் அதற்குள் இருந்தேன்.

கீழே பின்வரிசை அலமாரியில்
சின்ன அளவு இருநூறு
கேட்பாரற்று மடிந்து கிடந்தது.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை,
அவ்வளவுதான் விஷயம்.
படிவத்தை மாற்றினார்களா?
இல்லை.
ரைலி ஒரு கட்டுச் சட்டையை
என் கையில் திணித்து, கொண்டுபோ என்றாள்.
வெள்ளிக்கிழமை அவளும் வந்தாள்.
லிஃப்ட் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டாள்.

பள்ளிக்குக் கொடுக்கும் தாளில்
அவள் எழுதியது:
நேரம் தவறாமை, நன்று.
வேகம், கேள்வி கேட்கிறாள்.
ஓரத்தில் பென்சிலால்,
கோடை வேலைக்கு விண்ணப்பம் பிப்ரவரியில்.

வீட்டில் துவைத்து எடுத்த ஜீன்ஸ் முழுக்க
வெள்ளைத் துகள்.
ஐந்து நாளில் ஆயிரம் பைகளில் கைவிட்டவள்
தன் பையில் விடவில்லை.
பதினோரு எண்களும் கூழாகித்
தொடையோடு காய்ந்திருந்தன.
ஓரிடத்தில் மட்டும் மை அப்படியே, ஒரு ஏழு.
என்னை வேண்டாமென்ற பத்தில் ஒன்றா,
வா என்றதா, தெரியவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.