கால்மாட்டு எழுத்து

ஸ்டோர்னவேக்கு அன்று கப்பல் வரவில்லை.
கடல் கரையேறி வந்து
கார்க் கண்ணாடிகளில் உப்பைப் பூசிவிட்டுப் போயிருந்தது.
கடையில் ரொட்டி இல்லை.

சர்ஜிகல் வார்டில் முறை மாறுகிற நேரம்.
இரண்டாம் ஆண்டு மாணவி இஷபல்
நான்காய் மடித்த தாளோடு நின்றாள்.
கட்டில் நான்கு. கிர்ஸ்டி மெக்ஐவர். நாற்பத்தொன்று.
லேப் பி.எஸ்.ஓ. முதல் நாள்.

அவ்வளவுதான்.
பந்தியில் கடைசி இலைக்குப் பரிமாறும் வேகத்தில்
வாசித்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டாள் இரவு நர்ஸ்.
ஏழு பேர் தலையாட்டினார்கள்.
எட்டாவது தலையும் ஆடியது.

அப்புறம் தனியே நின்று தாளைப் பார்த்தாள்.
லேப் என்றால்
வயிற்றில் துளையிட்டுச் செய்ததா,
ரத்தம் போய்ச் சேருகிற சோதனைக்கூடமா?
எழுதிய கையின் கடைசிக் கோடு
மேலேயும் ஏறவில்லை
கீழேயும் இறங்கவில்லை.
பி, பிளட். எஸ், ஷுகர்.
ஓ, அப்சர்வேஷன்.
தப்பான சாவியும் சில பூட்டில் திரும்பும்.
திரும்பியது.

பத்து மணிக்கு ஒரு விரல்.
இரண்டு மணிக்கு இன்னொரு விரல்.
ஐந்து புள்ளி இரண்டு. நான்கு புள்ளி ஒன்பது.
புதிதாக ஒரு சார்ட் போட்டாள்,
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து.
ஆறு மணிக்கு மோதிர விரலை நீட்டினாள் கிர்ஸ்டி,
நெஸ் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கை,
ஸ்டியரிங் காய்ப்பு காய்த்தது.
"நல்லா இருக்கு" என்றாள் இஷபல்.
கிர்ஸ்டி ஜன்னலைப் பார்த்தாள்.

மறுநாள் காலை,
எதிர் அறை டொனால்ட் ஜான்,
முப்பது வருஷ ஷுகர்காரர்,
இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்பவர்.
அவர் பெயருக்கு எதிரே
பி.எஸ்.ஓ. இல்லை.

சாமான் கழுவும் அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு தேடினாள்.
மூன்று எழுத்துக்குள் தொக்கி நின்றதை
விரிக்க விரிக்க அது நீண்டது:
இருபுறமும். கருக்குழாய். சூலகம். நீக்கம்.
கிரேக்கத்தில் குழாய்க்கு எக்காளம் என்று பேராம்.
இரண்டு எக்காளங்களை எடுத்துவிட்ட உடம்பில்
சர்க்கரை தேடியிருக்கிறாள்.

போய்ச் சொன்னாள்.
வாய் குழறியது. மன்னிப்பு முதலில் வந்தது,
விஷயம் பின்னால் வந்தது.

கிர்ஸ்டி வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"எனக்கு ஷுகர் கிடையாதே என்று நினைத்தேன்.
உள்ளே திறந்து பார்த்தபோது
வேறெதையோ கண்டுவிட்டீர்கள்,
சொல்லப் பயந்து குத்திப் பார்க்கிறீர்கள் என்று.
அம்மாவுக்கும் அப்படித்தான். அக்காவுக்கும்.
முதலில் யாரும் சொல்லவில்லை.
அது வராமலிருக்கத்தானே
இதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

"கேட்டிருக்கலாமே" என்றாள் இஷபல்.

"நீ கேட்டாயா?"

காற்று ஜன்னலை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனது.
தலையெழுத்தை யாரும் படிக்க முடியாது, சரி.
கால்மாட்டில் தொங்குகிற எழுத்து
மனிதர் எழுதியதுதானே.

தவறுக்கான படிவத்தை நிரப்பினாள்.
"என்ன நடந்தது" என்ற கட்டத்துக்கு ஆறு வரி.
"ஏன் நடந்தது" என்ற கட்டத்துக்கு
ஒரு வரி: நான் கேட்கவில்லை.

அன்று மாலைத் தாளில்
கட்டில் நான்குக்கு எதிரே முழுசாக எழுதினாள்.
இடம் போதவில்லை.
சூலகம் வழிந்து
கட்டில் ஐந்தின் வரிசைக்குள் இறங்கிவிட்டது.
அங்கே குடல்வால் எடுத்த
பதினாறு வயது ரோரி.
"இந்தப் பையனுக்கு எப்போதிருந்து சூலகம்?"
இரவு நர்ஸ் கேட்க
வார்டே சிரித்தது.
இஷபலும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

கட்டில் ஒன்பது. வயிறு: என்.ஏ.டி.
கோளாறு எதுவும் தட்டுப்படவில்லை என்றும் அதைப் படிக்கலாம்.
யாரும் தொட்டே பார்க்கவில்லை என்றும் படிக்கலாம்,
அப்படியொரு கேலி உண்டு ஆஸ்பத்திரியில்.

ஏழு தலைகள் ஆடின.
இரவு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போக வாயெடுத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் இஷபல்.