மூலையில் ஒன்று

மூன்று மணிக்குக் குவாரியில் வெடி.
அதற்கு முன்னால் சங்கு ஊதும்,
நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.
திரையில் நிற்கும் அணு வரிசை
நனைந்த பஸ் டிக்கெட்டின் எண்ணாய்க் கலங்கும்.
நாலேகாலுக்கு நிலக்கரி கூட்ஸ்,
ஓமலூர் வழியாக மேட்டூருக்கு.
அதுவும் கலக்கிவிட்டுத்தான் போகும்.

அதனால் எனக்கு இரவுதான்.
கருப்பூரில் ஏசி சத்தம், நான், நுண்ணோக்கி.

வெள்ளைக்கல்லைச் சுட்டு எடுத்த தூள் இது.
வெளியே சூளையில் லாரி லாரியாக வேகும் அதே சரக்கு.
எனக்கு நகக்கண் அழுக்களவு போதும்.
அதிலும் ஒரே ஒரு கனசதுரம்,
ஓரத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதாக.

அணுவைப் பார்த்தாயா என்று கேட்கிறார்கள்.
ரேஷன் கடை வரிசைக்கு நேர் பின்னால் நின்றால்
ஒரு முதுகுதான் தெரியும்.
அதற்கு முன்னால் எத்தனை பேர் என்பது
கணக்கு, ஊகம், கொஞ்சம் துணிச்சல்.

உள்ளே எல்லாம் ஒழுங்கு. கொட்டாவி வரும் ஒழுங்கு.
ஓரத்தில்தான் சங்கதி இருக்கிறது:
கடைசி வரிசை இம்மியளவு விலகி நிற்கிறது,
ஒரு பக்கம் பிடிக்க ஆளில்லாதவர்கள் நிற்பதுபோல.
மூலையில் ஒரு புள்ளி இல்லை.

சேர்வராயனிலிருந்து அன்று மழை இறங்கியிருந்தது.
ஈரம் அரித்திருக்கும் என்று எழுதி
ஜெயசீலி மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை.

இன்று கற்றையைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்.
புதுத் துகள், அடுத்தடுத்து நாற்பது படம்,
ஒவ்வொன்றும் புழுதிக் காற்று.
கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் வடிவம் மெல்ல எழுந்தது.
மூலை முழுசாக இருந்தது.

பழைய கற்றைக்குத் திரும்பினேன்.
பதினோராவது படம் வரை இருந்தது.
பன்னிரண்டில் இல்லை.

மழை இல்லை. நான்தான்.
எலக்ட்ரானை எறிந்துதான் பார்க்க முடியும்,
எறிந்தது பட்டிருக்கிறது.

இருபத்தாறாவது படத்தில்
இரண்டு படி கீழே, வெறும் சமதளத்தில்,
முன்பு இல்லாத ஒரு மங்கல்.
அதுவேதானா என்று சொல்ல எனக்கு வழியில்லை.
அணுவுக்கு முகம் கிடையாது.

'மேடம், ஈரம் என்ற வரியை எடுத்துவிடுங்கள்'
என்று தட்டிவிட்டு வெளியே வந்தேன்.
ஸ்கூட்டி சீட்டில் வழக்கம்போல வெள்ளைத் தூசி.
துடைக்கத் துணியை எடுத்தபோது
காலை ஷிப்டுக்கு முதல் லாரி உள்ளே போனது.
தரை அதிர்ந்தது.
திரையில் இப்போது என்ன ஆகியிருக்கும் என்று
கைதான் முதலில் நினைத்தது.