பதினேழாவது கேள்வி

இருபது கொண்டை ஊசி வளைவுகளில்
பதினொன்றாவதில் வாந்தி எடுத்தார்
தலைமையுரை ஆற்ற வந்தவர்.
கல்லூரிப் பேருந்து நின்றது.
குரங்குகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.
அவருடைய நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில்
ஒன்றைக்கூட அவை படித்ததில்லை.

ஏற்காட்டில் மூடுபனி.
ஏரி இருக்கவேண்டிய இடத்தில்
ஏரி இருப்பதாக நம்பச் சொன்னார்கள்.
ஓட்டல் வாசலில் பேனர்:
தகவல் அமைப்புகள், மின்னணுத் தொழில்நுட்பம்,
பன்னாட்டுக் கருத்தரங்கு.
பன்னாடு என்பது
மலேசியாவிலிருந்து காணொளியில் வரும் ஒருவர்.
வந்தார். வாய் அசைந்தது. ஒலி வரவில்லை.
கைதட்டினோம்.

பதிவுக் கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு.
அதற்கு ஒரு சணல் பை, ஒரு பேனா,
கழுத்தில் தொங்க ஓர் அட்டை.
அட்டையில்
திரு. அருள்மொழி.
மாற்றித் தருகிறோம் என்றார்கள்.
இரண்டு நாளும் ஆணாகவே
காபி குடித்தேன்.

என் முறை சாப்பாட்டுக்குப் பிறகு,
மூன்றாம் அரங்கில்.
கல்யாண நாட்களில் அது மணப்பெண் அறை:
கண்ணாடி ஓரத்தில்
யாரோ ஒட்டிவிட்டுப் போன
ஸ்டிக்கர் பொட்டு மூன்று.
கேட்க ஆறு பேர். அதில் ஐந்து பேர்
தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள்.
ஆறாமவர் அமர்வுத் தலைவர் தனக்கோட்டி.
"ஏழு நிமிஷம்மா" என்றார்.
நான்கு வருடம் என்று
நான் சொல்லவில்லை.

மலைக்கிராமங்களில் கைபேசிச் செயலிகளின் ஏற்பு.
சேர்வராயன் மலையில் முந்நூற்று அறுபது வீடு,
இருபத்திரண்டு கேள்வி,
ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி.
திரையில் அம்புக்குறிகள்
பெட்டிக்குப் பெட்டி
நன்றாகவே பாய்ந்தன.

"விடுபட்ட பதில்களை என்ன செஞ்சீங்க?"
எல்லோரிடமும் கேட்பது அது.
"சராசரி போட்டு நிரப்பினேன் சார்."
"குட்."

மாரமங்கலத்துச் சடைச்சி
மிளகு காயும் தார்ப்பாயின் ஓரம் குந்தி
பதினாறு கேள்விக்கு
விரல் மடக்கிப் பதில் சொன்னவள்.
பதினேழு:
என் பெயரில் உள்ள கைபேசியை
நான் விரும்பும்போது எடுக்க முடிகிறது.
அவள் வீட்டுக்குள் பார்த்தாள்.
உள்ளே யாரோ இருமினார்கள்.
மிளகைக் கிளறினாள்,
கிளறியதையே மறுபடி.
"அடுத்தது கேளு" என்றாள்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அஸ்தம்பட்டி விடுதிக்குத் திரும்பி
மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினேன்.
3.2
அந்த ஒரு கேள்விக்குப் பேசாதிருந்தவர்கள்
நாற்பத்தொரு பேர்.
நாற்பத்தொரு பேரும் அன்றிரவு
மூன்று புள்ளி இரண்டு என்றார்கள்.
நடுநிலைக்குச் சற்று மேலே,
ஏறக்குறைய சம்மதம்.
நாற்பத்தொருவரும் பெண்கள்.
கவனித்திருந்தேன்.
ஆறாம் அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

மாலை நிறைவு விழா.
சிறந்த கட்டுரை:
முதல் பெயர் என் வழிகாட்டி,
அவர் வரவில்லை.
இரண்டாவது, திரு. அருள்மொழி.
மேடையேறியபோது
பொன்னாடை வைத்திருந்தவர்
எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று
எட்டிப் பார்த்தார்.

பிறகு கருத்துப் படிவம்.
உணவு, நான்கு.
ஒலியமைப்பு, ஒன்று.
கடைசி வரி:
இக்கருத்தரங்கில் என் குரல் கேட்கப்பட்டது.
பேனாவைத் திறந்தேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் அமைப்பாளர்கள்,
அடுத்த மாதம் என் வாய்மொழித் தேர்வுக்கு
வரப்போகிறவர்களும் அதில் உண்டு.
சணல் பையின் நாடாவை முடிச்சிட்டேன்,
அவிழ்த்தேன்,
மறுபடி முடிச்சிட்டேன்.

படிவத்தை வாங்கிய மாணவன்
அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து,
"சார்... மேடம், ஒண்ணு விட்டுட்டீங்க."
வெளியே பேருந்து ஹாரன் அடித்தது.
"பரவால்ல மேடம்,
நாங்களே போட்டுக்கறோம்."